பார்த்தீங்களா, கேட்டீங்களா?

அவரிடம் "இன்னைக்கு என்ன வெயில் சார்!" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக நகர்ந்துவிட முடியாது. நாற்காலியை விட்டு எழுந்து, ஜன்னலருகே போய், கம்பிக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் "ஆமாங்க" என்பார். அதற்குள் நமக்கு வெயிலே மறந்துபோயிருக்கும்.

மைசூரில் அரசாங்கத்தின் பழைய காகிதங்களைக் கட்டுக்கட்டாக வைத்திருந்த ஓர் அலுவலகத்தில் பதிவறைக்குப் பொறுப்பாளராக இருந்தார். ஒல்லி. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுப் பொத்தான் போட்டிருக்கும். தூசி ஒத்துக்கொள்ளாது என்பதால் மூக்கைச் சுற்றி ஒரு துண்டு. தூசி ஒத்துக்கொள்ளாதவர் ஏன் பதிவறையில் வேலை பார்க்கிறார் என்று நான் ஒருமுறை கேட்டேன். "தூசிதான்னு டாக்டர் சொன்னாருங்க. அவரு பாத்துச் சொன்னாரா, கேட்டுச் சொன்னாரான்னு தெரியல" என்றார். அன்றைக்கே நான் அவரைப் புரிந்துகொண்டு விலகியிருக்க வேண்டும்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால், எந்த ஆதாரத்தில் எழுதினீர்கள் என்பார்.

உலகத்தில் சொல்லப்படுகிற எல்லாவற்றையும் அவர் இரண்டே இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். பார்த்தது, கேட்டது. நடுவில் எதுவும் கிடையாது. யார் என்ன சொன்னாலும், தலையைக் கொஞ்சம் சாய்த்து, கொள்ளேகால்காரர்களுக்கே உரிய அந்த இழுப்போடு, "பாத்தீங்களா, கேட்டீங்களா?" என்பார். கோபமே இருக்காது. அதுதான் எரிச்சல். கோபமாகக் கேட்டால் பதிலுக்குச் சண்டை போடலாம்.

ஒருநாள் இருவரும் ஒரே ஆட்டோவில் மண்டி மொஹல்லாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். முன்னே ரோடு தோண்டிக் கிடக்கிறது, சுற்றித்தான் போக வேண்டும் என்றார் ஆட்டோக்காரர். "நீவு நோடித்ரா, கேளித்ரா?" என்று கன்னடத்திலும் அதே கேள்வி. ஆட்டோக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். இன்னொரு டிரைவர் சொன்னதாக அவர் ஒத்துக்கொண்டதும், நேராகவே போகச் சொன்னார். ரோடு தோண்டித்தான் கிடந்தது. வண்டியைத் திருப்ப இடமில்லாமல் அரை மணி நேரம் நின்றோம். "இப்பப் பாத்தாச்சுங்க" என்றார் திருப்தியாக.

அவருடைய அப்பா இறந்தபோது எழுதிய விடுப்புக் கடிதத்தைப் பற்றி அந்த அலுவலகத்தில் எல்லோரும் சொல்வார்கள். தங்கை போன் செய்து அழுதிருக்கிறாள். இவர் உடனே ஒரு தாளை எடுத்து, "என் தந்தை காலமாகிவிட்டதாகத் தகவல் வந்துள்ளது. நேரில் பார்க்கச் செல்கிறேன். இரண்டு நாள் விடுப்பு வேண்டும்" என்று எழுதி வைத்துவிட்டு கொள்ளேகால் பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். இதை நான் பார்க்கவில்லை. கேட்டதுதான். சொல்லிச் சிரித்தவர்களோடு நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கடிதத்தை நினைத்தால் வேறு மாதிரி இருந்தது. பஸ் போய்ச் சேருகிற வரைக்கும் அப்பாவைச் சாகவிடாமல் வைத்திருக்க ஒரு மகன் என்ன செய்வான்? இப்படித்தான் எழுதுவான்.

நான் அவரிடம் மாட்டியது ஒரு தலைவரால். அவர் பெயரையும் எழுதப்போவதில்லை. அதற்குக் காரணம் வேறு. எழுதினால் இரண்டு சங்கங்களிலிருந்து ஆள் வரும்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் வெள்ளைக்கார அரசு தேடிக்கொண்டிருந்த தலைவர் அவர். தமிழ்நாட்டுப் பக்கமிருந்து காட்டு வழியாக வந்து பாலாற்றைக் கடக்கும்போது பிடிபட்டார். சிறையில் வைத்தால் வாசலில் கூட்டம் கூடிவிடும் என்று, மைசூருக்குக் கொண்டுவந்து ஊருக்குள்ளேயே ஒரு தனியார் வீட்டு மாடியில் சில வாரம் ரகசியமாகக் காவலில் வைத்திருந்தார்கள். பிறகு வடக்கே எங்கோ கொண்டுபோனார்கள். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். எந்த வீடு என்பதும் ஊருக்குத் தெரியும் என்றே ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. மண்டி மொஹல்லாவில் ராஜம்மா மெஸ் நடத்துகிற வீடு.

அந்த வீட்டை அரசு எடுத்து நினைவிடம் ஆக்க வேண்டும் என்று ஒரு குழு கிளம்பியது. அதன் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கிற தமிழர். என்னைப் போலவே பாதித் தமிழும் பாதிக் கன்னடமும். தமிழில் ஒரு சிறு புத்தகம் வேண்டும் என்று என்னிடம் வந்தார். என் அப்பா ரயில்வேயில் வேலைக்கு வந்து இங்கேயே தங்கியவர். அந்தத் தலைவரின் படம் எங்கள் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. மொழிபெயர்ப்பு வேலை செய்து பிழைத்துக்கொண்டிருந்த எனக்கு இதைவிட நல்ல வேலை எங்கே கிடைக்கும்? ஒத்துக்கொண்டேன்.

பதிவறைக்கு முதல் நாள் போனதும் கேட்டேன். "சார், அவரு காவல்ல இருந்தது பத்தின ஃபைல் இங்க இருக்காமே?"

"இருக்குதுன்னு ஆருங்க சொன்னாங்க?"

"எல்லாரும் சொல்றாங்க."

"எல்லாரும் பாத்தாங்களா?"

பிறகு என் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டு ஒரு பென்சிலைக் கொடுத்தார். பதிவறையில் மை கூடாது. கையைக் கழுவி வரச் சொன்னார். வந்தேன். ஈரம் காயட்டும் என்றார். காய்ந்தது. ஃபைல் வந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம். எழுந்து பூட்டிவிட்டு மெஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவர் தினமும் சாப்பிட்டது ராஜம்மா மெஸ்ஸில்தான். ராஜம்மா கொள்ளேகாலை அடுத்த ஹனூர்ப் பக்கத்துப் பெண். கணவர் இல்லை. மாமனார் வாங்கிப் போட்ட வீடு. கீழே சமையலும் பந்தியும், மாடியில் அரிசி மூட்டையும் இலைக்கட்டும். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள்தான் பெரும்பாலும் வருவார்கள். அவர்களுக்கு நடுவில் முழுக்கைச் சட்டைப் பொத்தானை அவிழ்த்து மடித்துவிட்டு இவரும் உட்காருவார். ஒரே பக்கத்துப் பேச்சு என்பதால் ராஜம்மாவுக்கு இவர்மேல் ஒரு பாசம். இவரிடம் அலுத்துக்கொள்ள அவளுக்கு மட்டும் உரிமை இருந்தது.

"ஏனுங்ணா, ரசத்துல உப்பு கம்மியாமா, அந்தாளு சொல்றான். உங்களுக்கு எப்படி இருக்குது?"

"இன்னும் ஊத்தல ராஜம்மா. ஊத்து, சொல்றேன்."

"உங்க ஊட்டுக்காரம்மா எப்படித்தான் காலம் தள்ளுறாங்களோ!"

புத்தகத்தை எழுதி முடித்து அச்சுக்கு முந்தைய பிரதியை மரியாதைக்காக அவரிடம் கொடுத்தேன். இரண்டு நாள் வைத்திருந்து திருப்பிக் கொடுத்தார். மொத்தப் புத்தகத்திலும் ஒரே ஒரு பென்சில் வட்டம். "ராஜம்மா மெஸ் இயங்கும் இந்த வீட்டின் மாடியறையில்தான் அவர் காவலில் வைக்கப்பட்டிருந்தார்" என்ற வாக்கியத்தில், 'தான்' என்ற இரண்டு எழுத்தைச் சுற்றி.

"இந்தத் 'தான்' எங்கிருந்து வந்துதுங்க மேடம்?"

"ஊரே சொல்லுது சார்."

"ஃபைல்ல 'மார்க்கெட்டுக்குப் பக்கத்துல ஒரு வீடு'ன்னுதான இருக்குது. மார்க்கெட்டுக்குப் பக்கத்துல எத்தன வீடு இருக்குதுங்க!"

நான் அந்தத் 'தான்'-ஐ எடுக்கவில்லை. பத்து நாளாகக் கையைக் கழுவிக் கழுவிக் காயவைத்த கோபம். ஓர் எழுத்தாளருக்கு இதுகூட உரிமை இல்லையா என்று இருந்தது. செயலாளரிடம் சொன்னபோது, "அவருக்கு வேற கெல்சவே இல்ல மேடம், இதே வேலை. நீங்க பிரிண்ட் பண்ணுங்க" என்றார்.

புத்தகம் வந்தது. மாலை, சால்வை, புகைப்படம் எல்லாம் ஆயிற்று. சில மாதம் கழித்து ராஜம்மாவின் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. பொதுக் காரியத்துக்காக வீட்டை எடுத்துக்கொள்ள அரசு உத்தேசித்திருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம் என்று. அதற்கு ஆதாரமாக என் புத்தகத்தின் அந்த வாக்கியத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள். 'தான்' உட்பட.

ராஜம்மா நோட்டீஸை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். படித்தேன். என் வாக்கியம் வந்ததும் அது நான் எழுதியதுதான் என்றேன்.

"எழுதறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்களா அக்கா?" என்றாள். அவ்வளவுதான். அதற்குமேல் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அன்று மாலையே அவரிடம் போனேன். "சொன்னேனே" என்பார் என்று எதிர்பார்த்தேன். அதைக்கூடச் சொல்லவில்லை அந்த மனிதர். நில எடுப்பு அதிகாரியிடமிருந்து அவருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. இந்த வீடுதான் என்பதற்கு ஆவணம் உண்டா என்று. "எந்த வீடு என்று காட்டும் ஆவணம் எதுவும் இதுவரை பார்வைக்கு வரவில்லை" என்று பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

செயலாளர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். நானும் அங்கே இருந்தேன்.

"ஏன் சார், ஊருக்கே கொத்து, எல்லாருக்கும் தெரியும். ஒரு லெட்டர் கொடுத்தா உங்களுக்கு என்ன போகுது? ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க."

"எதைங்க?"

"இதையேதான் சார்!"

"நான் பாக்காததைப் பாத்தேன்னு எழுதறது அட்ஜஸ்ட் இல்லீங்களே."

செயலாளர் என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்க மேடம்" என்றார். அந்த வாக்கியத்துக்கு என்னிடம் ஆதாரம் இல்லை என்று அதிகாரிக்கு நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். என் புத்தகத்தை நானே பொய் என்று கையெழுத்துப் போட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வெட்கமாக இருந்தது, ஆனால் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ராஜம்மாவின் வக்கீல் இனி கவலை இல்லை என்றார். மறுநாள் மெஸ்ஸில் பதிவறைக்காரர் இலையில் இரண்டு வடை கூடுதலாக விழுந்தது. அவர் அதை எடுத்துப் பக்கத்து இலையில் வைத்தார்.

"உனக்காக எழுதல ராஜம்மா. இல்லாததை இல்லைன்னு எழுதினேன்."

"செரி, சாப்பிடறதுக்கு என்னங்ணா கேடு?" என்று அவள் மறுபடி வைத்தாள். பக்கத்து இலைக்காரர் நான்கு வடை சாப்பிட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவரைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இருந்திருக்காது. தொந்தரவு பிடித்த ஒரு நல்ல மனிதர் என்று விட்டிருப்பேன்.

அடுத்த வாரம் அவரிடமிருந்து போன். "மேடம், சித்த வந்துட்டுப் போறீங்களா?" தானாக அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை. போனேன். மேசைமேல் ஒரு பழைய துணிக்கட்டு அவிழ்ந்து கிடந்தது. காவல்துறையின் கால்நடைச் செலவு பற்றிய கட்டு என்று மேலே எழுதியிருந்தது. யாரோ எப்போதோ தவறான துணியில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே இருந்தது அந்தத் தலைவரின் காவல் கோப்பின் மறுபாதி.

முதல் தாள் ஒரு வரைபடம். காவலுக்கு ஆள் நிறுத்துவதற்காக ஒரு சப்-இன்ஸ்பெக்டர் போட்டது. சமையலறைக்கு உள்ளேயே கிணறு. அதை ஒட்டித் திரும்பும் மாடிப்படி. மாடியறையில் ஒரே ஒரு ஜன்னல், பலகை அடித்து மூடவேண்டும் என்ற குறிப்போடு. கீழே வீட்டுக்காரர் பெயர். அந்தப் பெயரை நாங்கள் இருவருமே பார்த்திருந்தோம். ராஜம்மாவின் மாமனாருக்கு வீட்டை விற்றவரின் பெயர். ராஜம்மா ஆட்சேபத்தோடு கொடுத்த வீட்டுப் பத்திரத்தில் இருக்கிறது.

ராஜம்மாவின் சமையலறையில் ஒரு கல்லைப் போட்டு மூடிய கிணறு உண்டு. அந்தக் கல்லின்மேல்தான் அவள் கிரைண்டர் இருந்தது.

நான் எழுதிய 'தான்' சரி. அது பொய் என்று நான் எழுதிக் கொடுத்த அடுத்த வாரமே அது உண்மை என்று இவர் கண்டுபிடித்திருக்கிறார். சிரிப்பதா அழுவதா என்றே எனக்குத் தெரியவில்லை.

"சார், இதைக் கட்டி வெச்சுடுங்க."

"கட்டி வெச்சுட்டு?"

"கட்டி வெச்சுட்டுச் சும்மா இருங்க. இத்தனை வருஷம் மாட்டுத் தீவனக் கணக்குன்னு கிடந்துச்சு. இன்னும் கொஞ்ச வருஷம் கிடக்கட்டும். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமேங்க."

"அவ சோத்தைத் தின்னுருக்கீங்க சார். தினமும்."

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவர் மூக்குத் துண்டை அவிழ்த்து மடித்து வைத்தார்.

"போன வாரம் 'இல்லை'ன்னு எழுதினேன். அன்னைக்கு அது நெசம். இன்னைக்கும் அதே 'இல்லை'ன்னு விட்டா அது பொய்யாயிருதில்லீங்களா? ராஜம்மாவுக்காக ஒரு பொய்யி எழுதினா, அப்புறமேட்டுக்கு நான் எழுதற எதையும் ஆரு நம்புவாங்க? நானே நம்ப மாட்டேனுங்க."

"உங்க நம்பிக்கைக்காக அவ வீட்டை விட்டுப் போகணுமா?"

"அதுக்கு எங்கிட்டப் பதில் இல்லீங்க" என்றார். எதற்கும் பதில் வைத்திருக்கும் மனிதர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் எரிச்சலாகத்தான் இருந்தது.

அப்புறம் மற்ற தாள்களைக் காட்டினார். ஒன்று, அந்தத் தலைவர் தன் கையாலேயே எழுதியது. இனி அரசியலில் ஈடுபட மாட்டேன். கூட இருந்தவர்களைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லத் தயார். வடக்கே மட்டும் அனுப்பிவிடாதீர்கள். கீழே கையெழுத்து. எங்கள் வீட்டுக் கூடத்துப் படத்தின் அடியில் அச்சடித்திருந்த அதே கையெழுத்து. அடுத்த தாள் டாக்டரின் குறிப்பு. பல நாளாகக் காய்ச்சல், தூக்கமில்லை, தனக்குத்தானே பேசிக்கொள்கிறார் என்று. அதற்கடுத்தது, அவரை வடக்கே அனுப்பிய உத்தரவு.

மறுநாள் மதியம், பந்தி முடிந்து ஆள் போன பிறகு, அவர் ராஜம்மாவிடம் போனார். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். கேட்கவில்லை. கூடவே போனேன். நின்றுகொண்டே சொன்னார். கிணறு, படி, ஜன்னல், பெயர். ஒன்றையும் விடவில்லை. அதிகாரிக்கு எழுதப்போகிறேன் என்பதையும் சொன்னார்.

ராஜம்மா பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. முதுகைக் காட்டியபடியே கேட்டாள். "எழுதறதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. அதை எதுக்கு எங்கிட்ட வந்து சொல்றீங்க?"

"நீ அடுத்தவங்க வாயால கேக்கக் கூடாதுன்னுதான் ராஜம்மா."

அவள் திரும்பினாள். கண் கலங்கவில்லை. "இனிமே இந்தப் படி ஏறாதீங்க" என்றாள். அதுவரை எல்லாப் பேச்சிலும் ஒட்டிக்கொண்டிருந்த 'ணா' இல்லை.

அவர் ஏறவில்லை. அலுவலக வாசல் மரத்தடி பெஞ்சில் டப்பாச் சாப்பாடு சாப்பிட ஆரம்பித்தார். நான் அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தேன். ஆனால் விவரம் தெரிந்துகொள்ள அவர் ஒருவர்தான் இருந்தார் என்பதால் நிறுத்தியதை அடிக்கடி மறுபடி தொடங்க வேண்டியிருந்தது.

செய்தி எப்படியோ செயலாளருக்குப் போய்விட்டது. வரைபடம் கிடைத்த விஷயம் மட்டும். இனிப்புப் பெட்டியோடு வந்தார். கையைக் கழுவி, காயவைத்து, உட்கார்ந்து, கட்டு முழுவதையும் படித்தார். இரண்டாவது தாளைப் படித்து முடித்தபோது முகம் சாம்பலாகியிருந்தது. அவருடைய அப்பா அந்தத் தலைவர் பெயரைச் சொல்லித் தடியடி வாங்கியவர். அதுவரை அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அந்த முகத்தைப் பார்த்ததும் எங்கோ போய்விட்டது.

"சார், முதல் தாள் மட்டும் கொடுத்தா போதும்."

"கட்டுல இருந்து ஒரு தாளை உருவிக் கொடுக்கற வழக்கமில்லீங்க. கொடுத்தா அத்தனையும்."

"அப்ப எதுவுமே வேண்டாம். ஒண்ணுமே சிக்கலன்னு விட்டுடுங்க."

"சிக்கிருச்சுங்களே."

அந்த ஊரிலேயே ஒரு விஷயத்தில்கூட ஒத்துப்போகாத ராஜம்மா, செயலாளர், நான் மூவரும் அந்த வாரம் ஒன்றையே விரும்பினோம். இந்த மனிதர் அந்தக் கட்டை மறுபடியும் மாட்டுத் தீவனக் கணக்காக்கிவிட வேண்டும். அவர் ஒவ்வொரு தாளுக்கும் மூலையில் பென்சிலால் எண் போட்டுக்கொண்டிருந்தார்.

விசாரணை அன்று அதிகாரி கேட்டதும் எழுந்து நின்று, ஒன்றிலிருந்து கடைசி வரை எந்தத் தாளில் என்ன இருக்கிறது என்று வாசித்தார். தலைவரின் கடிதத்துக்கு வந்ததும் அறையில் முணுமுணுப்பு. பின்வரிசையிலிருந்து யாரோ, "அப்ப காட்டிக் கொடுத்தவன்தானா!" என்று கன்னடத்தில் சத்தமாகச் சொன்னார்கள்.

இவர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். முதன்முறையாக அவர் குரல் உயரக் கேட்டேன். கன்னடத்தில்தான் பேசினார். "சொல்லத் தயார் என்று எழுதியிருக்கிறார். சொன்னதாக ஒரு தாளிலும் இல்லை. இந்தக் கட்டிலும் இல்லை, எங்களிடம் உள்ள அந்தக் காலத்துக் காவல் கோப்புகள் எதிலும் இல்லை. நான்கு நாளாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். டாக்டர் குறிப்பையும் படிக்கிறேன், உட்காருங்கள்."

படித்தார். காய்ச்சலின் அளவு உட்பட.

முன்வரிசையில் செயலாளர் முகத்தைக் கைக்குட்டையால் அழுத்திக்கொண்டிருந்தார். சற்று நேரம் கழித்து எழுந்து, அந்த வீட்டில் நினைவிடத்துக்குத் தேவையான இட வசதி இல்லை என்று தங்கள் குழு கருதுவதால் கோரிக்கையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றி அவரைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். ராஜம்மாவின் வீடு ராஜம்மாவிடமே இருந்தது.

வெளியே வந்ததும் பதிவறைக்காரரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. "இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் செஞ்சீங்களா சார்?" என்று கேட்டேன். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவரைக் கும்பிட்டிருப்பேன்.

"தெரியாதுங்க. வீடு போயிரும்னுதான் நெனச்சேன்" என்றார். பஸ் வந்தது, ஏறிக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் அவருக்கு மாற்றல் உத்தரவு வந்தது. வடகோடியில், பேர் கேட்டால் எந்த மாவட்டம் என்று கேட்க வேண்டிய ஓர் ஊருக்கு. செயலாளரின் வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். மாற்றலாகிப் போகிறவரிடமே கேட்டேன். "உத்தரவுல காரணம் போடலீங்க" என்றார்.

ராஜம்மாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே பூண்டு உரித்தாள். "என்ற ஊடு நின்னது அவராலயில்ல. மாடியில கெடந்த அந்தக் கெழவன் எழுதுன காயிதத்தால" என்றாள். ஒரு முழுப் பூண்டு உரித்து முடித்த பிறகு, "நாளைக்கு மத்தியானம் கூட்டிட்டு வாங்க" என்றாள்.

வந்தார். வாசற்படியின் கீழேயே நின்றார். ராஜம்மா உள்ளிருந்து எட்டிப் பார்த்து, "ஏனுங்ணா, தூக்கிட்டு வரோணுமா?" என்ற பிறகுதான் ஏறினார். சாப்பிட்டார். கேட்காமலே சாதம் வந்துகொண்டே இருந்தது. கை கழுவிவிட்டு, கூச்சத்தோடு கேட்டார். "மாடிய ஒரு தடவ பாத்துக்கட்டுமா ராஜம்மா?"

எத்தனையோ வருடம் அங்கே சாப்பிட்டவர். ஒருமுறைகூட மாடி ஏறியதில்லை. அந்தக் கட்டு கிடைத்த பிறகும் கேட்டதில்லை. கேட்கும் உரிமை இல்லை என்று நினைத்திருக்கலாம்.

மூவரும் ஏறினோம். சிறிய அறை. அரிசி மூட்டை, இலைக்கட்டு, ஓர் உடைந்த கிரைண்டர். ஜன்னல் திறந்திருந்தது. தெருவில் யாரோ ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். அவர் மூட்டைகளுக்கு நடுவே ஒதுங்கி ஒதுங்கி ஜன்னலுக்குப் போனார். மரச்சட்டத்தில் எத்தனை முறை பெயின்ட் அடித்தும் மறையாத ஆணி ஓட்டைகள். நான்கு பக்கமும். கை வைத்துத் தடவினார். நெருக்கம் நெருக்கமாக இருந்தன. ஒரு விரல்கூடப் போக இடம் விடாமல் அடித்திருக்கிறார்கள்.

அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். பிறகு ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார். அறை இருண்டது. கீழே ஹார்ன் சத்தம் மட்டும் வந்தது. அப்படியே நின்றார். ராஜம்மா என்னைப் பார்த்தாள்.

"ரொம்பப் பயந்திருப்பாருங்க" என்றார் இருட்டிலிருந்து.

என் கை தானாகப் பையில் இருந்த நோட்டுக்குப் போனது. அது அவருக்கு எப்படித் தெரிந்ததோ!

"அதை எழுதிப்புடாதீங்க மேடம். அது எங்கயும் இல்ல."

இத்தனை வருடம் எழுதவில்லை. இப்போது எழுதிவிட்டேன்.